மீனுக்கு உடம்பு சரியில்லை!

"சார், இன்னிக்கு லீவு வேணும். மீனுக்கு உடம்பு சரியில்லை."

போனில் மேனேஜர் குரல் பதறியது. "அடடா... என்னப்பா, ஜுரமா?"

"இல்லை சார், உடம்பெல்லாம் புண். ரெண்டு நாளா சாப்பாடே எடுக்கலை."

"அய்யய்யோ! ஒரு வாரம் எடுத்துக்கப்பா. வீட்டுக்காரம்மா உடம்புதான் முக்கியம்!"

என் மனைவி பெயர் மீனு இல்லை. திருத்தலாமா என்று யோசித்தேன். ஒரு வாரம் லீவு... சும்மாவா கிடைக்கும்? போனை வைத்துவிட்டேன்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற திருமுக்கூடலில், சித்தப்பா நிலத்தில் அரை ஏக்கர் குளம். பி.எஃப். லோன் போட்டு கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருந்தேன். இரண்டாயிரம் குஞ்சுக்கு மேல் தாங்காத இடத்தில் நாலாயிரம்! ரெண்டு மடங்கு குஞ்சு, ரெண்டு மடங்கு லாபம் என்று ஆபீஸ் கால்குலேட்டர் சொன்னது.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தது. வெள்ளத்தோடு வந்து சேர்ந்த விரால் மீன்களில்தான் முதலில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. நாலே நாளில் புள்ளி புண்ணானது, புண் குழியானது. அப்புறம் ரோகுவிலும் அதே புள்ளி.

ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம். "வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் ஊத்து" என்றார் ஒருவர். "மெடிக்கல்ல கேப்சூல் வாங்கிக் கரைச்சு விடு" என்றார் இன்னொருவர். நான் கேப்சூலோடு கரையில் நின்றபோது, மீன்வளத் துறையில் இருந்து ரிடையரான பெரியவர் ஒருவரைச் சித்தப்பா சைக்கிளில் வைத்து அழைத்து வந்தார்.

வந்தவர் மீனைப் பார்க்கவே இல்லை. தண்ணீரில் கையை விட்டார், முகர்ந்தார், ஒரு சோதனைக் காகிதத்தை முக்கிப் பார்த்தார்.

"தம்பி, மீனு வாயைத் திறந்து சொல்லாது. முதல்ல தண்ணியோட நாடியைப் பிடிங்க. அந்த கேப்சூலைப் பையில போடுங்க!"

பிறகு கரையில் உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

விடிகாலையில் மீன்கள் மொத்தமாக மேலே வந்து வாயைப் பிளந்தால், அது பெரும்பாலும் நோய் இல்லை. தண்ணீரில் பிராணவாயு குறைவு. தீவனத்தை நிறுத்தி, புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மீன் கல்லிலும் கட்டையிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டால் மீன் பேன். உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். வயிறு உப்பி, செதில் சிலிர்த்து நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. செவுள் சிவப்பு மாறி வெளுத்தால் அங்கே கோளாறு.

"உங்களுக்கு வந்திருக்கிறது புண் நோய். உலகம் சுற்றிய வியாதி!" என்றார்.

சுற்றித்தான் இருக்கிறது. 1971-ல் ஜப்பானில் தெரிந்தது, 1972-ல் ஆஸ்திரேலியாவில். தென்கிழக்கு ஆசியாவைக் கடந்து, 1988-ல் வங்கதேசம் வழியாக நம் வடகிழக்கு மாநிலங்களுக்கு வந்தது. சில வருடங்களில் தமிழகம், கேரளம் வரை பரவிவிட்டது. மக்கள் பயந்து மீன் வாங்குவதையே நிறுத்திய ஊர்கள் உண்டு. பூஞ்சை போன்ற 'அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ்' என்கிற நீருயிரிதான் காரணம். அது மனிதரைத் தொற்றாது. மழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்து, காரத்தன்மை குறைகிற நேரம் அதற்குக் கொண்டாட்டம்.

வைத்தியம் இதுதான். தீவனம் நிறுத்தம். அரை ஏக்கருக்கு 40 கிலோ சுண்ணாம்பு, கரைத்து ஆறவிட்டுத் தெளித்தோம். ("தண்ணியைச் சோதிக்காம சுண்ணாம்பு கொட்டினா அதுவே விஷம்!") அடுத்து சிஃபாக்ஸ். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த மருந்து. ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் இருந்தால் ஒரு லிட்டர். என் குளத்தில் ஒன்றரை மீட்டர் ஆழம், ஆகவே 300 மில்லி. அவ்வளவுதான்!

செத்த மீன்களை ஆற்றில் வீசப் போனேன். பெரியவர் கையைப் பிடித்தார். "உன் வீட்டு நோயை மூணு ஆத்துக்கும் அனுப்புறியா?" குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். வலையை வெயிலில் காயப் போட்டோம்.

மருந்து தெளித்த பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் போய் உட்கார்ந்தேன். அங்கே சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1068-ல் இங்கே பதினைந்து படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி! பெயர் வீரசோழன். வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நர்ஸ் வேலைக்குப் பெண்கள். இருப்பில் என்னென்ன மருந்து இருக்க வேண்டும் என்றுகூடப் பட்டியல் வெட்டியிருக்கிறார்கள். மருந்தைப் பெயரும் அளவும் தெரிந்து கொடுத்த ஊரில், நான் கேப்சூலை அள்ளிக் கொட்டப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

ஏழாம் நாள் வலை போட்டோம். ரோகுவின் புண் ஓரத்தில் புதுத் தோல்! எண்ணூறு மீன் போச்சு. லோன் இன்னும் ஓடுகிறது. ஆனால் குளம் பிழைத்தது. அடுத்த வருஷம் இரண்டாயிரம் குஞ்சுதான். மழைக்கு முன்பே தண்ணீர் சோதனை.

ஆபீஸ் திரும்பினேன். மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார்.

"மீனு இப்ப எப்படிப்பா?"

"தேறிடுச்சு சார். பொங்கல் கழிச்சு ஒரு கிலோ உங்களுக்குக் கொண்டு வரேன்!"