10 படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்!

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31-ந் தேதி இரவு படித்திருவிழாவில் படிக்குப் படி பாட்டுப் பாடி ஏறுவார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஏறிய ஆள், சில வருஷம் கழித்து பத்தாவது படியிலேயே உட்கார்ந்து விடுகிறார். "வயசாகிப் போச்சுப்பா" என்று சமாளிக்கிறார்.

வயசு மட்டும்தானா? இதயமாகவும் இருக்கலாம்!

நின்று போவது அல்ல

"ஹார்ட் பெயிலியர்" என்றதும் இதயம் நின்று போச்சு என்று பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. இதயம் துடிக்கிறது, ரத்தத்தைத் தள்ளும் வேகம் போதவில்லை. தண்ணீர் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும். காலில் தேங்கினால் வீங்கும். விரலால் அமுக்கினால் குழி விழும். இரவில் படுத்தால் இருமல் வரும். நடுநிசியில் எழுந்து உட்கார வேண்டிவரும்.

மாரடைப்பில் பிழைத்தவர்கள், ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கவனிக்காமல் விட்டவர்கள், வால்வு கெட்டவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் உஷாராக இருக்க வேண்டும்.

10 பேரில் 3 பேர்

இது லேசான நோய் அல்ல. 2013-ம் ஆண்டு திருவனந்தபுரம் மாவட்டத்தில் இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரின் விவரம் சேகரிக்கப்பட்டது. ஒரே வருஷத்தில் சுமார் 10-க்கு 3 பேர் இறந்து போனார்கள். இதயம் சுருங்கும் சக்தி குறைந்தவர்களில், முறைப்படியான மருந்துகளோடு வீடு திரும்பியவர்கள் 4-ல் ஒருவர்தான்!

நீர் மாத்திரை போதுமா?

முதலில் கொடுப்பது நீர் மாத்திரை. சிறுநீர் போகும், வீக்கம் வடியும், மூச்சு லேசாகும். "சரியாப் போச்சு" என்று பலர் எல்லா மாத்திரையையும் நிறுத்தி விடுகிறார்கள். ஆபத்து இங்கேதான்!

நீர் மாத்திரை தண்ணீரை இறக்கும், அவ்வளவுதான். இதயத்தின் பாரத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டும் மருந்துகள் வேறு. எனலாப்ரில் அல்லது சகுபிட்ரில்-வல்சார்டன், பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிப்ளோசின் என 4 வகை. கடைசியில் சொன்னது சர்க்கரைக்கு வந்த மாத்திரை. "எனக்குத்தான் சர்க்கரை இல்லையே" என்று தூக்கிப் போடக் கூடாது. இதயத்துக்கும் அது நல்லது என்று 2019-ல் பெரிய ஆய்வில் தெரிந்தது.

எந்த மாத்திரை, எத்தனை என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார். இடையே சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்.

ஊறுகாய் எமன்

ஆவக்காய் ஊறுகாய், அப்பளம், கருவாடு... எல்லாம் உப்பு! உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும்.

தினமும் காலையில் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ கூடினால் டாக்டரிடம் ஓட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால் 108-க்கு போன் செய்யுங்கள்.

படி எங்கும் ஓடிப் போகாது. முதலில் ஆஸ்பத்திரி, டாக்டர் சரி என்றால் பிறகு மலை!