சோற்றில் கலக்கும் மாத்திரை: மறைக்க வேண்டியது யாரிடம்?

மாத்திரை வேண்டாம் என்று தட்டிவிடும் மகனுக்கு, அதை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, குழம்பில் கரைத்து, சோற்றோடு பிசைந்து கொடுப்பது மனநோயோடு போராடும் பல வீடுகளில் நடக்கிற காரியம். அக்கம்பக்கத்துக்குத் தெரியாது; ஆனால் மனநல மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்கள் மருந்து மறுப்பை எப்படிச் சமாளிக்கின்றன என்று ஆராய்ந்த சென்னை ஸ்கார்ஃப் மனநல ஆய்வு நிறுவனத்தின் டி.என். சீனிவாசனும் ஆர். தாராவும் 2002-லேயே இந்தப் பழக்கத்தைப் பதிவு செய்தார்கள். இது நம் ஊர் அறியாமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2000-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிக்கும் 34 இடங்களில் 24-ல் உணவிலோ பானத்திலோ மருந்தை மறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வேறு வழி தெரியாதவர்கள் அன்பினால் செய்கிற காரியம் இது. ஆனால் அன்பினால் செய்கிறோம் என்பதாலேயே ஒரு காரியம் பாதுகாப்பானதாகவோ நியாயமானதாகவோ ஆகிவிடாது. மறைத்துக் கொடுப்பதைக் குற்றம் என்று விரட்டினாலும், பாசம் என்று கண்டுகொள்ளாமல் விட்டாலும் பாதிக்கப்படப்போவது நோயாளிதான். மிக அரிதாக, எழுத்தில், காலக்கெடுவோடு, மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்கும் முடிவாக இருந்தால் மட்டுமே அதைச் சிகிச்சை என்று சொல்ல முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மனநோய் இருப்பவர் உட்பட எல்லோருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற அடிப்படையில் இருந்தே அது தொடங்குகிறது. சிகிச்சை பற்றிய விவரத்தைப் புரிந்துகொள்வது, எடுக்கும் முடிவின் விளைவை உணர்வது, அந்த முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிப்பது ஆகியவையே அதன் 4-வது பிரிவு சொல்லும் அளவுகோல்கள். விவரத்தை அவருக்குப் புரிகிற எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. மற்றவர்கள் கண்ணுக்குத் தவறாகத் தெரியும் முடிவை ஒருவர் எடுக்கிறார் என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்றும் அது திட்டவட்டமாகக் கூறுகிறது. நம் வீடுகளில் தினமும் மீறப்படுவது இந்தக் கடைசி வரிதான். 'மாத்திரை வேண்டாம் என்கிறான், அதனால் அவனுக்குப் புத்தி சரியில்லை' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உடம்பு பருக்கிறது, கை நடுங்குகிறது, பகலெல்லாம் தூக்கமாக வருகிறது என்பதற்காக ஒருவர் மருந்தை மறுக்கலாம். அது காரணமுள்ள மறுப்பு. அதற்குத் தீர்வு மருந்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும்தான்; மறைத்துக் கொடுப்பது தீர்வாகாது.

உண்மையிலேயே திறன் இழந்தவருக்கு என்ன வழி? மருத்துவமனையில் சேர்த்தால் 89-வது பிரிவு இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். நோயாளிக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தரலாம். நோயாளியின் திறனை 7 நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற அவசர நிலையில், வீட்டிலேயே ஆனாலும், எந்த மருத்துவரும் சிகிச்சை தரலாம் என்கிறது 94-வது பிரிவு. அதற்கு எல்லை 72 மணி நேரம். இந்த இரண்டுக்கும் நடுவே, மாதக்கணக்கில் வீட்டில் இருந்துகொண்டு மருந்தை மறுப்பவரைப் பற்றியோ, உணவில் கலந்து கொடுப்பதைப் பற்றியோ சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. டிமென்ஷியா முற்றிய தாய்க்குக் கொடுக்கும் ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். திறனற்றவரின் உடல்நோய்க்கான சிகிச்சையை முறைப்படுத்தும் பொதுச் சட்டமே நம்மிடம் இல்லை. பெற்றவர்கள் சம்மதித்தால் போதும் என்று நினைப்பவர்கள் சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மயக்க மருந்தின் பிடியில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். வயதுவந்த ஒருவரின் உடம்பு குடும்பத்தின் சொத்தல்ல என்பதே அதன் பொருள்.

நசுக்கினால் மருந்து மாறும்

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பாதுகாப்பை மட்டும் பார்த்தாலும் அடுப்படி வைத்தியம் ஆபத்தானது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். குடலில் போய்க் கரைய வேண்டிய உறை போட்ட மாத்திரை வயிற்றிலேயே உடைந்துவிடும். ரிஸ்பெரிடோன் திரவ மருந்தைத் தண்ணீரிலோ காபியிலோ கலக்கலாம், தேநீரிலும் கோலாவிலும் கலக்கக் கூடாது என்று தயாரிப்பாளரின் குறிப்பே எச்சரிக்கிறது. டீயில் ஊற்றிக் கொடுக்கும் எத்தனை வீடுகளுக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்? டம்ளரின் அடியில் தங்கிய தூளில் பாதி மருந்து போய்விடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தட்டில் மிஞ்சியதை ஒரு குழந்தை சாப்பிட்டுவிடலாம். லித்தியம் என்ற மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினாலே கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று நச்சு வேலையைக் காட்டும். மூட்டு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் சாதாரண வலி மாத்திரையே அந்த அளவை ஏற்றிவிடக் கூடியது. தான் லித்தியம் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாதவர், அந்த மாத்திரையை வாங்கும்போது அதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வார்? குளோசபின் தொடங்கினால் முதல் 18 வாரமும் வாராவாரம் வெள்ளணுக்களை எண்ண வேண்டும். மருந்தை மறைத்துக் கொடுக்கலாம். மறைத்து ரத்தம் எடுக்க முடியாது.

மருந்தியலைவிடவும் ஆழமான சேதம் ஒன்று உண்டு. மனச்சிதைவில் வரும் சந்தேகங்களில் மிகப் பழையது, 'என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்பது. இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை வேரோடியிருக்கும் நம் ஊரில் அந்தச் சந்தேகத்துக்கு எப்போதும் தயாராக ஒரு உருவம் இருக்கிறது. ஹாலோபெரிடால் போன்ற மருந்தால் திடீரென்று கழுத்து முறுக்கிக்கொள்ளலாம், கண்கள் மேலே சொருகலாம். என்ன மருந்து என்று தெரிந்தவர் மருத்துவமனைக்கு ஓடுவார், ஓர் ஊசியில் சரியாகிவிடும். தெரியாதவர் தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே உறுதியாக நம்புவார். ஒருநாள் குழம்பில் வெள்ளைத் துகளைப் பார்த்துவிட்டால் அவருடைய பிரமை உண்மையாகிவிடுகிறது. அதன் பிறகு மருந்தை மட்டுமல்ல, சோற்றையும், அதைப் பரிமாறிய தாயையும் அவர் நம்ப மாட்டார்.

குடிப்பவர்களுக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பதைத் தனியாகவே சொல்ல வேண்டும். 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரங்களைப் பார்க்காத ஊர் இல்லை. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மருந்து உள்ளே இருக்கும்போது மது குடித்தால், மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு உடம்பில் தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த அபாயம் இருக்கும். நோயாளிக்கு முழுமையாகத் தெரியாமல் இதைக் கொடுக்கவே கூடாது என்பது மருந்தின் குறிப்பேட்டில் முதன்மை எச்சரிக்கையாகவே அச்சாகியிருக்கிறது. குடிப்பவர் போதை தெளிந்த நேரத்தில் முடிவெடுக்கும் திறன் உள்ளவர். வீட்டில் என்ன துயரம் இருந்தாலும் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

மூன்று மறுப்புகள்

'மகன் தெருவில் அலைகிறான், தாயை அடிக்கிறான், அப்போது உரிமை பேசுவதா?' என்று குடும்பங்கள் கேட்கும். நியாயமான கேள்வி. அந்தத் தாய்க்குச் சட்டம் புத்தகத்தில் கொடுத்த வழிகள் நடைமுறையில் கிடைப்பதில்லை என்பது அரசின் தோல்வி. அதற்கு அவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆனால் அவரைக் காப்பாற்றுவதும் எழுத்தில் உள்ள முடிவுதான். இன்று 'கலந்து கொடுங்கம்மா' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகிற மருத்துவர் எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை. விபரீதம் நடந்தால் பழி முழுக்கத் தாயின் தலையில்தான் விழும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சொத்துத் தகராறில் தம்பியையும், பிடிக்காத மருமகளையும், காதலைக் கைவிடாத மகளையும் அடக்கிவைக்க நினைக்கிற கைக்கும் இதே மாத்திரை எட்டும். அன்பான கையையும் வஞ்சகமான கையையும் பிரித்துப் பார்க்க வெளியாள் ஒருவரின் கண் வேண்டும்.

மனித உரிமை பேசுவோர் எதிர்ப் பக்கத்தில் இருந்து கேட்பார்கள்: இந்தியா 2007-ல் ஏற்புறுதி அளித்த மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை எல்லோருக்கும் சட்டத் தகுதி உண்டு என்கிறது. ஏமாற்றிக் கொடுப்பதற்கு எந்தக் காரணம் சொன்னாலும் அது வன்முறைதானே? அவர்கள் காட்டும் திசை சரி. ஆனால் முழுத் தடை விதித்தால் இந்தப் பழக்கம் நிற்காது, இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். மாற்று என்று வருவது பல நேரம் நான்கு பேர் அமுக்கிப் பிடித்துப் போடும் ஊசி, அல்லது சங்கிலி. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு கட்டப்பட்ட நிலையில் மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாநிலம் நம்முடையது. டிமென்ஷியா முற்றியவருக்கு ஒவ்வொரு வேளையும் விளக்கிச் சொல்வது ஒவ்வொரு வேளையும் புதிதாக ஒரு பயத்தை ஊட்டுவதாகவும் ஆகலாம். மிகக் குறுகிய அனுமதி ஒன்று இருப்பது அப்படிப்பட்டவர்களின் கண்ணியத்தைக் காக்கவே உதவும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை பற்றியது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது? இங்கிலாந்தின் முடிவெடுக்கும் திறன் சட்டம் 2005-ல் வந்தது. அதன்கீழ் பராமரிப்பு இல்லங்களில் மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர், குடும்பத்தார் கூடிப் பேசி, எந்த மருந்து, எதில் கலப்பது, எப்போது மறுபரிசீலனை என்று எழுதிவைக்கிறார்கள். மறைத்துக் கொடுப்பது ஒருவரின் அந்தரங்க வாழ்வில் தலையிடுவது என்றும், முறையான பாதுகாப்பும் மறுஆய்வும் இன்றி அதைச் செய்யக் கூடாது என்றும் 2016-ல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஏற்பாடு முழுவதையும் நாம் கொண்டுவர முடியாது. ஆனால் வாயால் சொல்வதை ஒரு தாளில் எழுத ஐந்து நிமிடம் போதும். மாவட்ட மனநலத் திட்டமும், வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இருக்கும் தமிழ்நாட்டில் மறுபரிசீலனைக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விட்ட கதவு ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 5-வது பிரிவின்படி, வயதுவந்த எவரும் தெளிவாக இருக்கும்போதே, பின்னால் நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று எழுதிவைக்கலாம். தனக்காகப் பேச யாரை நம்புகிறார் என்றும் குறிப்பிடலாம். நோய் தணிந்த நாட்களில் மருத்துவர் அவரையே கேட்க வேண்டும்: 'மறுபடி மருந்தை மறுக்கும் நிலை வந்தால் என்ன செய்யட்டும்?' ஒருவர் மாதம் ஒரு ஊசி போதும் என்பார். இன்னொருவர் அம்மா கலந்து கொடுக்கட்டும் என்பார். வேறொருவர் அதை மட்டும் செய்யாதீர்கள் என்பார். எந்தப் பதிலானாலும் அது அவருடைய முடிவு.

மாநில மனநல ஆணையம் செய்ய வேண்டியது ஒரு பக்கப் படிவம். இந்த ஒரு முடிவுக்கான திறன் இவருக்கு இல்லை என்று பரிசோதித்தது யார், எந்தத் தேதியில்? மருந்து இல்லாவிட்டால் நேரும் தீங்கு என்ன? விளக்கிச் சொல்வது, மருந்தை மாற்றுவது, ஊசி ஆகிய வழிகளை முயன்றாயிற்றா? நசுக்கலாம், இதில் கலக்கலாம் என்று மருந்தாளுநர் ஒப்புதல் தந்தாரா? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்? அடுத்த மறுஆய்வு எப்போது, நோயாளி தெளிந்ததும் உண்மையை அவரிடம் சொல்லப்போவது யார்? இவற்றுக்குப் பதில் எழுதிக் கையெழுத்திட ஒரு மருத்துவர் முன்வர வேண்டும். முடிவு மனநல மறுஆய்வு வாரியத்தின் கண்ணுக்கு எட்ட வேண்டும். தான் விழுங்குவது என்ன என்று ஒரு மனிதருக்குத் தெரியாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும், அவருக்காக அதைத் தெரிந்து வைத்திருக்கும் பொறுப்பு ஒருவருடைய பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத வரை, கலந்து கொடுக்கும் உரிமை, பெற்ற தாய்க்கும் இல்லை, மருத்துவருக்கும் இல்லை.