பாலாற்று முகத்துவாரத்தின் மதுக்கலங்கள்

காஞ்சிக்குத் தெற்கே கிழக்கு நோக்கிச் செல்லும் பாலாறு, கடலைச் சேரும் பகுதியில் தொன்மை வாய்ந்த இரண்டு ஊர்களைக் கொண்டுள்ளது. ஒன்று வசவசமுத்திரம், மற்றொன்று சதுரங்கப்பட்டினம். வசவசமுத்திரத்தில் 1970ஐ ஒட்டித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தபோது, ஆம்போரா எனப்படும் ரோமானிய மதுச்சாடிகளின் சில்லுகள் வெளிப்பட்டன. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குள் இந்தியத் தொல்லியல் துறை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, சீனப் பீங்கான் ஓடுகளும் சுட்டமண் புகைக்குழல்களும் கண்ணாடிக் கலங்களின் உடைசல்களும் கிடைத்தன. ஒரே ஆற்றின் வாயில், 1,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில், கடல் கடந்து வந்த இருவகைக் கலங்கள்! முன்னது மண், பின்னது கண்ணாடி. இவ்விரண்டின் உடலையும் படிக்கத் தெரிந்தவர்க்கு, எழுதப்படாத வரலாறு அவற்றில் காத்திருக்கிறது.

முதலில் மண்கலத்தைக் காண்போம். காஞ்சி நகருக்குள்ளேயே சென்னைப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வுகளில் ஆம்போராச் சில்லுகளும், அடி கூம்பிய பெருஞ்சாடிகளும் கிடைத்துள்ளன. யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்டியதைப் பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர் குறிக்கிறார். அது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. அப்பாட்டுக்கு மண்ணுக்குள்ளிருந்து சான்று கூறுபவை இச்சில்லுகள். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே மது கசியும். அதைத் தடுக்கவே சாடியின் உட்புறத்தில் தேவதாரு இனமரங்களின் பிசினைப் பூசினர். அப்பிசினின் எச்சத்தையும், திராட்சை மதுவுக்குரிய டார்டாரிக் அமிலத்தின் சுவட்டையும் இன்றைய வேதியியல் கருவிகள் கண்டறிகின்றன. களிமண்ணோ தன் பிறப்பிடத்தையே சொல்கிறது. சில்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் நோக்கினால், வெசூவியசு எரிமலை உமிழ்ந்த கருமணல் துகள்கள் சிலவற்றில் தெரியும். அவை இத்தாலியின் கம்பானியா நாட்டுச் சாடிகள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் பல கிரேக்கக் கோசு தீவின் வகையைச் சார்ந்தவை என்று கைப்பிடி வடிவைக் கொண்டு அறிந்தார்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். கண்ணாடியை ஊதிக் கலமாக்கும் கலை கி.மு. முதல் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கரையில் தோன்றியது. அதன் தொடக்கநிலைக் கழிவுகள் எருசலேமில் கிடைத்துள்ளன. அக்காலத்தே தமிழகம் கண்ணாடியை அறியாத நாடன்று. அரிக்கமேட்டுக் கம்மியர் உருகிய கண்ணாடியை நீண்ட நுண்குழலாக இழுத்து, நறுக்கி, மணிகளாக்கிக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பினர். ஊதுதலில் மேலைநாட்டார் சிறந்தனர். இழுத்தலில் நம்மவர் சிறந்தனர். அந்த இழுமணித் தொழில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுப்பேட்டையில் நம் காலம்வரை வாழ்ந்தது என்பது பெருமைக்குரிய செய்தி.

ரோமானியர் ஊதுகண்ணாடிக் குப்பிகளை மேசைக்குப் பயன்படுத்தினரே அன்றிக் கப்பலேற்றும் மதுவை அவற்றில் அடைக்கவில்லை. அத்துணை வலிமை அவற்றுக்கு இல்லை. வலிய குப்பி பிறந்ததற்கு நிலக்கரி காரணமாயிற்று. கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதற்காக, 1615இல் இங்கிலாந்து அரசு கண்ணாடி உலைகளில் விறகெரிப்பதைத் தடை செய்தது. நிலக்கரி உலையின் வெம்மை மிகுதி. அதில் உருகிய கண்ணாடி தடித்தது, கரும்பச்சை நிறத்தது. அப்பசுமை மணலில் இயல்பாகக் கலந்துள்ள இரும்பின் கொடை. உலையில் உயிர்வளி குறைந்தால் இரும்பு நீலப்பச்சை காட்டும். மிகுந்தால் மஞ்சள் காட்டும். மதுவைக் கெடுக்கும் ஒளிக்கதிர்களை அக்கருமை ஓரளவு தடுத்தது எதிர்பாராத நன்மை.

அதன்பின் குப்பியின் வடிவம் தலைமுறைதோறும் மாறியது. 1650களில் உருண்டை வயிறும் நெடுங்கழுத்தும் கொண்டிருந்தது. 1680க்குப் பின் வெங்காய வடிவில் அகன்று தாழ்ந்தது. 1730களில் பக்கங்கள் நிமிர்ந்தன. 1740களுக்குப் பின் உருளையாக நீண்டது. இம்மாற்றம் அழகு கருதியது மட்டுமன்று. தக்கை உலர்ந்தால் காற்று நுழைந்து மது புளிக்கும். குப்பியைப் படுக்கவைத்தால் தக்கை நனைந்தே இருக்கும். படுக்கவைத்து அடுக்குவதற்கு உருளையே ஏற்றது. ஒல்லாந்தரோ மரப்பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்குவதற்கென நாற்பட்டைக் குப்பிகளைச் செய்வித்துச் சாராயம் நிரப்பிக் கப்பலேற்றினர். இவ்வடிவ வரிசை அகழாய்வாளர்க்கு ஆண்டு காட்டும் அளவுகோலாகப் பயன்படுகிறது.

காஞ்சியில் பட்டெடுக்க அறிந்தவர்கள் சேலையின் முகப்பழகில் மயங்காமல் பின்புறத்தைப் புரட்டிக் கோர்வையைப் பார்ப்பார்கள்; பழங்குப்பி தேடுவோரும் அவ்வாறே அடியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஊதுகுழலின் நுனியிலுள்ள குப்பிக்கு வாய் அமைக்கவேண்டுமாயின், அடியில் ஓர் இரும்புக்கோலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, குழலை முறித்தெடுப்பர். கோலை நீக்கியபின் அங்கே கரடுமுரடான வடு எஞ்சும். அவ்வடு மேசையைக் கீறாதிருக்கவும், குப்பி நிலையாக நிற்கவும் அடியை உள்நோக்கிக் குழித்தனர். சுவரின் கனம் ஓரிடத்தில் மிக்கும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பது, குமிழிகள் ஊதிய திசையில் நீண்டு கிடப்பது, கழுத்தில் தனியே சுற்றிய கண்ணாடி வளையம் ஆகியவை கைவினையின் அடையாளங்கள். அச்சினுள் ஊதிய குப்பியில் பக்கவாட்டுக் கோடு தெரியும்; ஆனால் அது கழுத்திலேயே நின்றுவிடும், வாயைக் கைவினைஞர் பின்னர் உருவாக்கியதால். 1903இல் மைக்கேல் ஓவன்சு தானியங்கிப் பொறியை அமைத்தார். அதன்பின் அக்கோடு உதட்டைக் கடந்து மேலேறியது. 1872இல் ஐரம் காட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற குப்பியே நம் கோலிசோடாக் குப்பி. அதன் பழைய படிவங்களிலும் இவ்வடையாளங்களைத் தேடலாம்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு இல்லங்களிலிருந்து வந்த கண்ணாடிக் கலங்களும் பீங்கான் தட்டுகளும் எனாமல் அடுக்குகளும் குவிந்துள்ளன. அங்கே கடைக்காரர் சொல்லும் கதையைவிடக் கலம் சொல்லும் சான்றே எனக்குப் பெரிது. நிறம் நீக்க மாங்கனீசு சேர்த்த பழங்கண்ணாடி நெடுநாள் வெயிலில் இளஞ்செவ்வூதா நிறமாகும். யுரேனியம் சேர்த்த 19ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் புறஊதா ஒளியில் பச்சையாய் ஒளிரும். கனத்து மின்னும் கிண்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். 1674இல் சார்ச்சு இரேவன்சுகிராஃப்டு காப்புரிமை பெற்ற ஈயக் கண்ணாடியின் வழித்தோன்றல்கள் அவை. புளிப்புப் பொருள் அந்த ஈயத்தைக் கரைத்தெடுக்கும். ஆகவே பழைய ஈயக் கலத்தில் மதுவையோ ஊறுகாயையோ புளிக்கரைசலையோ சேமித்து வைப்பது நஞ்சை வளர்ப்பதாகும். கண்ணுக்கு விருந்தாக மட்டும் அது அமையட்டும்.

நூறாண்டுகளைக் கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதை நாட்டைவிட்டுக் கடத்துவது குற்றம். சட்டத்தினும் எனக்கு மேலாகத் தோன்றுவது ஒன்றுண்டு. ஆற்றங்கரையிலோ கோட்டைச் சுவரருகிலோ புதைந்த குப்பியைத் தோண்டியெடுத்து அலமாரியில் வைத்தால், அதனோடு கிடந்த காசு, ஓடு, சாம்பல், மண்ணடுக்கு யாவும் அதனின்று பிரிந்துபோகின்றன. முழுக்குப்பியின் அழகைவிட, கிடந்த இடம் பதிவான ஒரு சில்லே அறிவுக்குப் பெருஞ்செல்வம்.

மண்ணில் கிடந்த கண்ணாடியின் மேல் வானவில் நிறங்கள் ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். நீர், கண்ணாடியிலுள்ள சோடியத்தை மெல்ல வெளியே இழுத்து, அதன் இடத்தில் ஐதரசனை வைக்கிறது. நீரேறிய சிலிக்கா நுண்ணேடுகளாக அடுக்குற, அவற்றில் பட்டு மீளும் ஒளி தம்முள் குறுக்கிட்டு நிறம் காட்டுகிறது. மரவளையங்கள்போல் இவ்வேடுகளையும் எண்ணி அகவை அறியலாம் என 1961இல் இராபர்ட் பிரில், ஊடு ஆகிய இருவரும் நேச்சர் இதழில் எழுதினர். ஆண்டுக்கு ஓரேடு என்னும் கணக்கு எங்கும் பொருந்தாது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் ஒவ்வோர் ஏடும் வேதியியல் பதிவாதலின், அமிலம் தோய்த்தோ மணலிட்டுத் தேய்த்தோ பளபளப்பாக்குவது அப்பதிவை அழித்தலாகும். மென்தூரிகையால் தூசகற்றி, வெயிலும் ஈரமும் தாக்காமல் வைத்தலே போதும்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையை ஒட்டியதே கல்பாக்கம் அணுநகரம். அங்குள்ள ஆலையில் கதிரியக்கக் கழிவைப் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கிச் சிறைப்படுத்துகின்றனர். அக்கண்ணாடி பல்லாயிரம் ஆண்டுகள் நீருக்கு ஈடுகொடுக்குமா என்பதை எந்த ஆய்வுக்கூடமும் காத்திருந்து காண இயலாது. ஆகவே அறிவியலார் பழங்கண்ணாடியை நாடுகின்றனர். பிரான்சின் தென்கரையில் எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலின் கண்ணாடிக் கட்டிகள் 1,800 ஆண்டுகள் கடல்நீரில் கிடந்தவை. அவற்றை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர்கள், வெளிப்பரப்பைவிட நீர் தேங்கி நிற்கும் குறுகிய விரிசல்களில் சிதைவு மிகக் குறைவாக நிகழ்ந்ததைக் கண்டு, பின்னர் அதைக் கணக்கீட்டுப் படிமத்தோடு ஒப்பிட்டு மெய்ப்பித்தனர்.

அது கடலடியின் செய்தி. மழையும் வெயிலும் உப்புக்காற்றும் மாறிமாறித் தாக்கும் நம் கடற்கரை மண்ணுக்கு அத்தகைய அளவீடு வேண்டும். சதுரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயர் 1781இல் கைப்பற்றி, 1818இல் மீட்டளித்து, 1825இல் நிலையாகப் பெற்றனர். இவ்வாறு ஆண்டெல்லை அறிந்த அடுக்குகளிலிருந்து எடுத்த சில்லுகளின் சிதைவேட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அளந்து, மதுக்குப்பிக் கண்ணாடிக்கும் போரோசிலிக்கேட்டுக்கும் உள்ள சேர்மான வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால், நூறாண்டுக்கு எத்தனை நுண்மீட்டர் ஆழம் நீர் இறங்குகிறது என்பதை ஓரளவு மதிப்பிடலாம். தொல்லியலாரும் அணுவியலாரும் கூடிச் செய்யவேண்டிய அப்பணிக்குச் சில்லுகளை நெடுந்தொலைவு சுமந்து செல்லவும் தேவையில்லை.