103 வெற்றியும் 5 ஆட்டமும்

2002ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் சீசனில் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணி 162 ஆட்டங்கள் ஆடி 103இல் வென்றது. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கும் அந்த ஆண்டு அதே 103 வெற்றிகள்தான். ஆனால் யாங்கீஸ் தன் வீரர்களுக்குக் கொடுத்த சம்பளம் 12 கோடி டாலருக்கும் மேல். ஓக்லாந்து கொடுத்தது சுமார் 4 கோடி.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உண்டு. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீகுகள். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என மூன்று பிரிவுகள். மார்ச் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருக்கும். இவ்வளவு நீண்ட ஓட்டத்தில் மிகச் சிறந்த அணியும் ஐம்பது, அறுபது ஆட்டங்கள் தோற்கும். கடைசி இடத்து அணியும் பெரும்பாலும் அதே அளவுக்கு வென்றுவிடும். ஒரு நாள் தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2002 விதிப்படி, ஒவ்வொரு லீகிலும் பிரிவுகளில் முதலிடம் பெற்ற மூன்று அணிகளும், எஞ்சியவற்றில் அதிகம் வென்ற ஓர் அணியும் அக்டோபரில் நாக் அவுட் சுற்றுக்குப் போகும். அதன் முதல் கட்டத்தில் ஐந்து ஆட்டங்கள்; மூன்றை முதலில் வெல்பவர் மேலே போகலாம்.

முந்தைய 2001 சீசனில் ஓக்லாந்து 102 ஆட்டங்கள் வென்று, அந்த ஐந்து ஆட்டத் தொடரில் யாங்கீஸிடம் தோற்றது. குளிர்காலம் வந்ததும் ஒப்பந்தம் முடிந்த வீரர்களைப் பணக்கார அணிகள் அள்ளிக்கொண்டு போயின. நட்சத்திர அதிரடி மட்டையாளர் ஜேசன் ஜியாம்பியை யாங்கீஸ் 7 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் பேசி எடுத்துக்கொண்டது. ஓக்லாந்து அணி முழுவதற்கும் மூன்று ஆண்டுச் சம்பளம் அது. ஜானி டேமன் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பந்துவீசும் ஜேசன் இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிஸுக்கும் போனார்கள்.

அணியின் பொது மேலாளர் பில்லி பீன். அவருக்குத் துணையாக இருந்தவர் ஹார்வர்டில் பொருளாதாரம் படித்த பால் டிபோடெஸ்டா. ஜியாம்பிக்கு நிகரான இன்னொருவரை வாங்கக் காசில்லை என்பதால், சந்தை எதைக் குறைவாக மதிக்கிறது என்று இருவரும் தேடினார்கள். இந்தப் பார்வைக்கு முன்னோடி பில் ஜேம்ஸ். கான்சஸில் உணவுப் பதப்படுத்தும் ஆலையொன்றில் இரவுக் காவலராக இருந்துகொண்டே 1977இல் தன் பேஸ்பால் புள்ளிவிவர நூலைச் சொந்தமாக வெளியிட்டவர் அவர்.

பேஸ்பாலில் பந்துவீச்சாளர் அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசி, அவற்றை மட்டையாளர் அடிக்க முயலாமல் விட்டால், மட்டையாளர் நடந்தே ஓட்டப் பாதையின் முதல் நிலையான முதல் பேஸுக்குப் போகலாம். கிரிக்கெட்டில் வைடுக்கு ஓர் இலவச ஓட்டம் கிடைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். பழைய கணக்கில் இதற்கு மதிப்பே இல்லை. அடித்து ஓடுபவரின் சராசரியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் ஓர் அணிக்கு ஓர் இன்னிங்ஸில் இருப்பது மூன்று அவுட்கள் மட்டுமே. அவுட் ஆகாமல் பேஸை அடைபவர், அடித்துப் போனாலும் நடந்து போனாலும், இன்னிங்ஸை நீட்டிக்கிறார். இந்தத் திறமை மலிவு விலைக்குக் கிடைத்தது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டபெர்க். மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவருக்கு முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டுப் பந்தை ஒழுங்காக எறிய முடியாமல் போனது. எறிதல் அதிகம் தேவைப்படாத முதல் பேஸில் அவரை நிறுத்தினார்கள். பயிற்சியாளர் ரான் வாஷிங்டன் அந்த இடத்தின் ஆட்டத்தை அவருக்கு அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்தார். அந்த சீசனில் 100 முறை மட்டை பிடித்தால் 37 முறை பேஸ் சேர்ந்துவிடுவார் என்பது ஹாட்டபெர்க்கின் கணக்கு. 36 வயதான டேவிட் ஜஸ்டிஸ், தரையை ஒட்டிக் கையைத் தாழ்த்தி வீசும் சாட் பிராட்ஃபோர்டு ஆகியோரும் பிற அணிகள் பொருட்படுத்தாதவர்கள்.

சீசன் தொடக்கம் சரியில்லை. மே மாதப் பிற்பகுதியில் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். பீன் பொறுமை காக்கவில்லை. ஜேசனின் தம்பி ஜெரிமி ஜியாம்பியை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்தார்; பெரிதாகப் பேசப்பட்ட இளம் வீரர் கார்லோஸ் பேன்யாவை டெட்ராய்டுக்கு அனுப்பினார். ஆகஸ்ட் நடுவிலும் அணி தன் பிரிவில் மூன்றாம் இடத்தில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 13 முதல் அணி தோற்கவே இல்லை. நடுவில் ஆகஸ்ட் 30 முதல் எல்லா அணி வீரர்களும் வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்திருந்தார்கள். 1994இல் அப்படியொரு வேலைநிறுத்தம் இறுதித் தொடரையே இல்லாமல் ஆக்கியிருந்தது. இம்முறை ஆகஸ்ட் 30 அன்றே உடன்பாடு ஏற்பட்டதால் ஆட்டம் நிற்கவில்லை. 18ஆவது வெற்றியும் 19ஆவது வெற்றியும் மிகெல் தெஹாதாவின் கடைசி நேர அடியில் வந்தவை. செப்டம்பர் 4 அன்று கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு எதிராக 55,528 பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓக்லாந்து மூன்றே இன்னிங்ஸில் 11-0 என்று முன்னேறியது. பிறகு ராயல்ஸ் மெல்ல மெல்ல எட்டிப்பிடித்து ஒன்பதாவது இன்னிங்ஸில் 11-11 என்று சமன் செய்தது. மாற்று மட்டையாளராக வந்த ஹாட்டபெர்க், கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்ற ஹோம் ரன் அடித்தார், 12-11. தொடர்ந்து 20 வெற்றிகள் என்பது அமெரிக்கன் லீகில் அதுவரை யாரும் தொடாத எண். அடுத்த ஆட்டத்தில் மினசோட்டா ட்வின்ஸ் 6-0 என்று அதை முடித்துவைத்தது.

மேற்குப் பிரிவில் ஓக்லாந்து முதலிடம். 99 வெற்றிகளோடு அனாஹைம் ஏஞ்சல்ஸ் இரண்டாமிடம். அக்டோபரில் அதே மினசோட்டாவோடு ஐந்து ஆட்டத் தொடர். ஐந்தாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், 5-4 என்று ஓக்லாந்து தோற்று வெளியேறியது. இரண்டாமிடத்து ஏஞ்சல்ஸ்தான் அந்த ஆண்டின் சாம்பியன்.

இந்தக் கதையை மைக்கேல் லூயிஸ் 2003இல் 'மனிபால்' என்ற நூலாக எழுதினார். 2011இல் பிராட் பிட் நடித்த படமாக வந்தது. இரண்டிலும் ஹாட்டபெர்க் பெரிதாகத் தெரிகிறார், பந்துவீச்சாளர்கள் சிறிதாகிவிடுகிறார்கள். உண்மையில் பேரி ஜீட்டோ 23 வெற்றி, 5 தோல்வி என்ற கணக்கோடு லீகின் அந்த ஆண்டுச் சிறந்த பந்துவீச்சாளர் விருதை வாங்கினார். மார்க் மல்டருக்கு 19 வெற்றி, டிம் ஹட்சனுக்கு 15. 34 ஹோம் ரன் அடித்த தெஹாதா லீகின் மிக மதிப்புமிக்க வீரர். இவர்கள் யாரும் பிறர் ஒதுக்கிய வீரர்கள் அல்லர். அணியே இளவயதில் கண்டெடுத்து வளர்த்தவர்கள். ஒப்பந்த விதிகளால் தொடக்க ஆண்டுகளில் குறைந்த சம்பளத்துக்கு ஆடியவர்கள். சம்பளப் பட்டியல் சிறுத்திருந்ததற்கு இதுவே பெரிய காரணம். புள்ளிவிவரக் கணக்கு அதற்கு மேல் கிடைத்த லாபம்தான்.

சீசன் முடிந்ததும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஐந்து ஆண்டுகளுக்கு 1.25 கோடி டாலர் தருவதாகப் பீனை அழைத்தது. முதலில் சம்மதித்தவர் பிறகு மறுத்துவிட்டார். பாஸ்டன் பில் ஜேம்ஸை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. கணக்கும் பணமும் சேர்ந்த அந்த அணி 2004இல், 86 ஆண்டுகளுக்குப் பிறகு, சாம்பியன் ஆனது. ஓக்லாந்தோ 2003இலும் முதல் கட்டத்தின் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றது; 2000 தொடங்கித் தொடர்ந்து நான்காவது ஆண்டாக அது நடந்தது. 20 வெற்றிகள் என்ற லீக் சாதனையை 2017இல் கிளீவ்லாந்து அணி 22 வெற்றிகளோடு முறியடித்தது. அந்த அணியும் அக்டோபரில் யாங்கீஸிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது.