ஊட்டி ஏரியில் தூண்டில் போட்டால் என்ன சிக்கும்?

ஊட்டிக்குப் போய்விட்டு ஏரியில் படகு விடாமல் திரும்பியவர்கள் மிகக் குறைவு. மிதிபடகில் ஏறிய குழந்தைகள் கால் வலிக்கும்வரை மிதிப்பார்கள். பெரியவர்கள் செல்ஃபி எடுப்பார்கள். கரைக்கு வந்ததும் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. அத்தோடு ஏரியைப் பார்த்தாகிவிட்டது!

படகுக்குக் கீழே, அந்தக் கலங்கிய பச்சைத் தண்ணீருக்குள் யார் குடியிருக்கிறார்கள்? அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? தூண்டில் போட்டால் சிக்குவார்களா? கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

மீன்பிடிக்கவும் உருவான ஏரி

ஊட்டி ஏரி இயற்கையாக அமைந்தது அல்ல. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1820-களில் ஊட்டிப் பள்ளத்தாக்கில் இறங்கி ஓடிய மலை ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி இதை உருவாக்கினார். அந்தக் கரை மூன்று முறை உடைந்து ஏரியே காலியான கதையும் உண்டு. மீன்பிடிப்பும் இந்த ஏரியை உருவாக்கியதன் நோக்கங்களில் ஒன்று. அக்கரைக்குப் போக அப்போதே படகுப் போக்குவரத்தும் இருந்தது. இன்றைக்கு நாம் பார்க்கும் படகு இல்லம் 1973-ல்தான் வந்தது.

அன்றைய ஏரி இன்னும் பெரியது. இப்போதைய பேருந்து நிலையம், குதிரைப் பந்தய மைதானம், ஏரிப் பூங்கா எல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடங்கள். சுருங்கிச் சுருங்கி இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர்.

கப்பலில் வந்த குடிகள்

ஏரி தயாரானது. மீன்? அங்கேதான் சிக்கல். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே, குளிர்ந்த சிற்றோடைகளில் இருந்தவை பெரும்பாலும் விரல் நீளச் சிறுமீன்கள். தூண்டிலில் மாட்டிப் பெருமையடித்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய மீன்கள் இல்லை. இங்கிலாந்து ஆற்றங்கரைகளில் தூண்டிலோடு வளர்ந்த வெள்ளைக்காரர்களுக்கு இது பெரிய குறை.

அதனால் கப்பல் ஏற்றி வெளியூர் மீன்களைக் கொண்டுவந்தார்கள். 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே, டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 1870-களில் இங்கிலாந்திலிருந்து டென்ச் என்ற மீனும், குரூசியன் கெண்டையும் வந்தன. 1907-க்குப் பிறகு எச்.சி.வில்சன் என்ற மீன்வள நிபுணரின் முயற்சியால் டிரவுட் ஒருவழியாக நீலகிரி ஓடைகளில் காலூன்றியது. அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் வந்தது.

1939-ல் இலங்கையிலிருந்து ஒரு மீன் வந்தது. பெயர், சாதா கெண்டை. பெயரில்தான் சாதா! ஊட்டித் தண்ணீரில் விட்ட சில ஆண்டுகளிலேயே தானாக இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிட்டது. நீலகிரியிலிருந்து 1947-ல் இமயமலையின் குமாவுன் பகுதிக்கே இதைக் கொண்டுபோனார்கள். மற்ற மீன்களை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு, இன்றும் ஊட்டி ஏரியில் கோலோச்சுவது இந்தக் கெண்டைதான்.

இதில் மூன்று சாயல்கள் உண்டு. உடம்பு முழுக்கச் செதில் உள்ளது ஒன்று. அங்கங்கே கண்ணாடிச் சில்லு பதித்தது போலப் பெரிய செதில்கள் உள்ள கண்ணாடிக் கெண்டை இன்னொன்று. செதிலே இல்லாமல் தோல் போல வழவழப்பாக இருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் வாயோரத்தில் இரண்டு ஜோடிக் குட்டி மீசைகள் இருக்கும். நம்மூர் ரோகு, கட்லாவிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த மீசையே போதும்.

கெண்டை ஜெயித்தது எப்படி?

முதல் காரணம், சாப்பாட்டில் அதற்கு வேறுபாடே கிடையாது. ஏரியின் அடிச் சேற்றை வாயால் உறிஞ்சி, புழு, பூச்சி, நத்தை, விதை, அழுகிய இலை என எது கிடைத்தாலும் தின்னும். தேவையில்லாததைத் துப்பிவிடும்.

இரண்டாவது காரணம், பிள்ளைச் செல்வம். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். கரையோரத் தண்ணீர் வெதுவெதுப்பாகும் கோடை மாதங்களில், நீர்ச்செடிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும்படி முட்டையிடும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. கெட்ட தண்ணீரையும் அது பொறுத்துக்கொள்ளும். மீன்களும் ஆக்ஸிஜனைத்தான் சுவாசிக்கின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை. டிரவுட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்ஸிஜன் இருந்தால்தான் நிம்மதி. அதோடு தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், முட்டையிடக் கூழாங்கல் நிறைந்த ஓடும் ஓடை வேண்டும். கெண்டையோ அந்த ஆக்ஸிஜனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

அதனால்தான் நீலகிரியில் டிரவுட் தேடுபவர்கள் ஊட்டி ஏரிக்கு வருவதில்லை. அவலாஞ்சி, அப்பர் பவானி போன்ற காட்டோரத் தண்ணீரைத் தேடிப் போகிறார்கள். சமவெளிக் குளங்களை எல்லாம் பிடித்துக்கொண்ட ஜிலேபி மீனும் ஊட்டியில் தலையெடுக்க முடியாது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த அந்த மீனுக்கு இந்தக் குளிர் ஆகாது.

மீன் இருந்தால் தண்ணீர் நல்லதா?

'மீன் துள்ளுது, அப்போ தண்ணி நல்லாத்தான் இருக்கு' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். ஊட்டி ஏரியில் இந்தக் கணக்கு செல்லாது.

நகரத்தின் கழிவுநீர், கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரியில் கலப்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் பிரச்னை. கழிவுநீர் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம் போன்றது. பாசி பெருகினால் பகலில் ஆக்ஸிஜன் கிடைக்கும். ஆனால் இரவில் அதே பாசியும் சுவாசிக்கும். அழுகும் பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் ஆக்ஸிஜனை உறிஞ்சும். விடியற்காலையில்தான் இருப்பு மிகமிகக் குறைவாக இருக்கும். எந்தக் குளத்திலாவது அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், 'ஆஹா, விளையாடுது' என்று ரசிக்காதீர்கள். அது மூச்சுத் திணறல்!

இப்படிப்பட்ட தண்ணீரில் நாசூக்கான மீன்கள் முதலில் மறையும். கெண்டை கடைசிவரை நிற்கும். நிற்பதோடு விடாமல், இரை தேடி அடிச்சேற்றைக் கிளறும். அந்தச் சேற்றில் படிந்திருக்கும் சத்துகள் மறுபடி மேலே வந்து பாசிக்கு உணவாகும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காமல் அடியில் செடி வளராது. ஆக, கழிவுநீர் தொடங்கிவைத்ததைக் கெண்டை தொடர்ந்து நடத்துகிறது.

காஷ்மீரின் தால் ஏரியிலும் இந்தக் கெண்டை போன பிறகு, அங்கேயே பிறந்து வளர்ந்த குளிர்நீர் மீன்கள் குறைந்துபோயின. மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் 'பெங்பா' மீன் அருகிப்போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. மீன்மேல் தப்பில்லை. கொண்டுபோய் விட்டது நாம்தானே!

எத்தனை மீன் என்று எப்படி எண்ணுவது?

குழந்தைகள் கேட்கும் கேள்வி இது. ஏரித் தண்ணீரை இறைத்துவிட்டா எண்ண முடியும்? அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது.

முதல் நாள் வலை போட்டு 100 மீன்களைப் பிடித்து, துடுப்பில் சின்ன அடையாளம் இட்டு விட்டுவிடுவார்கள். சில நாள் கழித்து மறுபடி 50 மீன்களைப் பிடிக்கிறார்கள். அதில் 5 மீன்களுக்கு அடையாளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்று அடையாள மீன் என்றால், நாம் அடையாளமிட்ட 100 என்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆக, ஏரியில் சுமார் 1,000 மீன்கள். வீட்டில் ஒரு டப்பா கொண்டைக்கடலையை வைத்து இதை விளையாட்டாகவே செய்து பார்க்கலாம்.

தூண்டில்காரர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம், எத்தனை மீன் கிடைத்தது, ஒவ்வொன்றும் என்ன நீளம்? இதை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் ஏரியின் ஜாதகமே தெரிந்துவிடும். சிக்குவதெல்லாம் உள்ளங்கை நீளம் என்றால், மீன் அதிகமாகி இரை பற்றவில்லை என்று சந்தேகிக்கலாம். சிக்குவதெல்லாம் கிழட்டு மீன் என்றால், குஞ்சுகள் பிழைக்கவில்லையோ என்று யோசிக்க வேண்டும். சிறிசும் நடுத்தரமும் பெரிசும் கலந்து கிடைத்தால், வருங்காலத்திலும் மீன் கிடைக்கும் என்று நம்பலாம்.

தூண்டில் போடப் போகிறீர்களா?

முதலில் அனுமதி. ஊட்டி ஏரியில் மீன்பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், ஊட்டியில் இருக்கும் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. அவலாஞ்சி பக்கம் போவதென்றால் வனத்துறையின் விதிகளும் உண்டு.

கெண்டை அடியில் மேயும் மீன். அதனால் இரை தரையைத் தொட வேண்டும். மண்புழு, பிசைந்த கோதுமை மாவு உருண்டை, வேகவைத்த மக்காச்சோளம் மூன்றுமே எடுபடும். தக்கை மெல்ல ஆடி, பிறகு பக்கவாட்டில் நகரும். அப்போது தூண்டிலைத் தூக்குங்கள். தக்கை ஆடிய உடனே வெடுக்கென்று இழுத்தால் வெறும் முள்தான் வரும். வெயில் ஏறித் தண்ணீர் சற்றுச் சூடாகும் நேரம் நல்லது. கடும் குளிர்காலத்தில் கெண்டைக்குப் பசி மந்தம்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கை பட்டால் மேலே உள்ள வழவழப்பு உரிந்து, மீனுக்கு நோய் வரும். அறுந்த தங்கூஸ் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். அது பறவைகளின் காலைச் சுற்றும்.

இன்னொன்று, பிடித்த மீனை உயிரோடு எடுத்துப்போய் வேறு ஓடையிலோ குளத்திலோ விடவே கூடாது. வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீன்களுக்கும் இதே விதிதான். தால் ஏரியின் கதை நம்மூர்க் குளத்திலும் நடக்கலாம்.

குழம்பு வைக்கலாமா?

தமிழர்கள் என்றால் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! கெண்டை உலகம் முழுக்கச் சாப்பிடும் மீன்தான். மீனில் குறையில்லை, அது வாழும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். கழிவுநீர் கலக்கும் ஏரியில் வளர்ந்த மீனின் தோல், செவுள், குடல் ஆகியவற்றில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் தண்ணீரில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருந்தால், அவை எவ்வளவு கொதித்தாலும் போகாது. எனவே, இப்போதைக்குப் படம் எடுத்துவிட்டு மீனைத் தண்ணீரிலேயே விடுவதுதான் புத்திசாலித்தனம். குழம்புக்கு மார்க்கெட் இருக்கவே இருக்கிறது.

ஏரி கேட்பது என்ன?

தூர் வாருவதும் ஆகாயத்தாமரையை அள்ளுவதும் தேவைதான். ஆனால் கழிவுநீர் வந்துகொண்டே இருந்தால், அள்ளிய இடத்தில் மறுபடி முளைக்கும். குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதைதான். ஊரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குள் நுழையக் கூடாது. அது நடந்தால் பாசி குறையும், வெளிச்சம் அடிவரை இறங்கும், பிடித்த மீனைப் பயமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

இதில் ஊட்டிக்காரர்களுக்கு மட்டும் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். சீசனுக்குப் போகும் நாம் ஒவ்வொருவரும் தங்கும் அறையில் திறக்கும் குழாயின் தண்ணீரும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இறங்குகிறது. அடுத்த முறை அறை பதிவு செய்யும்போது, 'வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்?' என்பதோடு, 'உங்க கழிவுநீர் எங்கே போகுது?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.