மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் தெரியுமா?



கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தது. டாக்டர் வந்து காம்புக்குள் மருந்து ஏற்றினார். இரண்டே நாளில் வீக்கம் வடிந்து, பாலும் பழையபடி வெள்ளையாகிவிட்டது. உடனே சங்கத்தில் ஊற்றலாமா? "பால்மானியிலே சரியா நிக்குது, கொழுப்பும் குறையலே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. பென்சிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மேலும் சில நாள் பாலோடு வந்துகொண்டிருக்கும். நிறத்திலோ மணத்திலோ தெரியாது. பால்மானிக்குப் பிடிபடாது. காய்ச்சினாலும் முழுசாக அழியாது.

ஆனால் உறைமோருக்குத் தெரியும்! மருந்து அதிகமுள்ள பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. பாலைப் புளிக்கவைப்பது உறைமோரில் உள்ள நுண்ணுயிர்தானே? மருந்து அதையே தாக்கினால் பால் எப்படிப் புளிக்கும்?

ஆய்வுக்கூடத்திலும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். உறைமோருக்குப் பதிலாக பேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற நுண்ணுயிர். பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். கை வைக்க முடியாத 64 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சுகமாக வளரும் ஜீவன் இது. ஆனால் துளி பென்சிலினைத் தாங்காது. சிறு குப்பியில் இதையும், இதற்கு வேண்டிய ஊட்டத்தையும், ஊதா நிறச் சாயத்தையும் வைத்திருப்பார்கள். அதில் சொட்டுப் பால் விட்டு, ஏறக்குறைய 3 மணி நேரம் அந்தச் சூட்டில் வைப்பார்கள். நுண்ணுயிர் வளர்ந்து புளிப்பு உண்டானால் ஊதா மஞ்சளாகும், பால் தேறிவிட்டது. ஊதா அப்படியே நின்றால் சந்தேகம்தான்.

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். சீம்பாலிலும் மடிநோய்ப் பாலிலும் நுண்ணுயிரைத் தடுக்கும் பொருள்கள் இயற்கையாகவே உண்டு. அதனால் பாலைச் சூடாக்கி அவற்றைச் செயலிழக்கவைத்து மறுபடி பார்ப்பார்கள். பென்சிலினைச் சிதைக்கும் பென்சிலினேஸ் என்ற நொதியைச் சேர்த்தும் பார்ப்பதுண்டு. அப்போது மஞ்சளானால், கலந்திருந்தது பென்சிலின் வகை என்று தெரிந்துவிடும். அளவைத் துல்லியமாகச் சொல்ல பெரிய ஆய்வுக்கூடங்களில் வேறு கருவிகள் இருக்கின்றன. சில நிமிஷத்தில் கோடு காட்டும் பட்டைகளும் வந்துவிட்டன.

எவ்வளவு இருந்தால் குற்றம்? சர்வதேச உணவுத் தரப்படி, பென்சிலின் ஒரு கிலோ பாலில் 4 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் பென்சிலின் இரண்டரை லட்சம் லிட்டர் பாலை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் ஒரு கேன் பால், ஊர்ப் பால் முழுவதையும் கெடுக்கலாம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதனால் உபத்திரவம். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகவும் அது வழி. 2018-இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல் இம்மருந்துகள் வரம்பை மீறியிருந்தன. குறைவுதான், ஆனால் இல்லாமலில்லை.

"ஒரு காம்பிலேதானே போட்டோம், மத்த மூணையும் ஊத்தலாமே?" கூடாது. மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். நான்கு காம்புப் பாலையும் தனியே கறந்து கொட்டிவிடுங்கள், கன்றுக்கும் வேண்டாம். அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். பால் போகிறதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், நோய் திரும்பும். எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறு. டாக்டரைக் கேட்டு, அந்தத் தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். கறக்கிறவர் கண்ணில் பட வேண்டும்.