அறுபது வயதில் ரயில் பொம்மையா?

ரிட்டையர் ஆகி ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனவர்கள் வைத்தியத்துக்கு வரும்போது சொல்கிற புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "பசி இல்லை டாக்டர், ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, வயிறு சரியாப் போகலை." நாடி பிடித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். கூட வந்த மனைவி மெதுவாக ஆரம்பிப்பார்: "நாள் பூரா ஹால்ல அதே நாற்காலிதான். பேப்பர், டி.வி., செல்போன். அப்புறம் என்கிட்ட சண்டை!" சூரணம் எழுதித் தரலாம், தருகிறேன். ஆனால் அந்த நாற்காலிக்குச் சூரணம் கிடையாது.

இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்காவில் இதே வயதுக்காரர்கள் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒன்றாகச் சேர்ந்து சின்ன ரயில் கட்டுகிறார்கள்! சிரிக்காதீர்கள். பேரனுக்கு வாங்கித் தரும் சாவி கொடுத்த ரயில் இல்லை இது. ஸ்டேஷன், பாலம், குகை, சிக்னல், மலை, ஊர் எல்லாமே கணக்குப்படி சுருக்கிச் செய்தது. லண்டனில் 1910-லேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தக் கட்டடத்தோடு இன்றைக்கும் இருக்கிறது. அவர்கள் அந்த வட்டாரத்தையே, உலகப் போர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்த மாதிரி, ஒரு அடிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்ற கணக்கில் கட்டி வருகிறார்கள். 1980-களில் ஆரம்பித்த வேலை. பின்னால் போகப் போக வீடுகளின் அளவைக் குறைத்து, தூரத்தில் ஊர் தெரிவது போலக் கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் நீளும் வேலையில், ஆரம்பித்தவரே முடிப்பார் என்று கிடையாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடருவார்.

எப்படிக் கட்டுகிறார்கள்? முதலில் பலகை. ஒட்டுப்பலகையில் நாலடிக்கு இரண்டடி மேஜைகள், கீழே மடக்குகிற கால். பலகைகளை வரிசையாகச் சேர்த்தால் ஊர் நீளும், பிரித்தால் வண்டியில் ஏற்றலாம். அதன் மேல் கார்க் தகடு ஒட்டி, தண்டவாளம். வெயிலில் நீள்வதற்கு இடம் விட்டு இணைக்க வேண்டும். மின்சாரம் 12 வோல்ட்தான், தண்டவாளம் வழியாகவே இன்ஜினுக்குப் போகும். அடுத்தது மலை. கோழிக் கூண்டு வலையை வளைத்து, பிளாஸ்டரில் நனைத்த துணியைப் போர்த்தினால் மலை ரெடி. புல் நடுவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நைலான் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்துப் பசை தடவிய இடத்தில் தூவினால், ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்று ஒட்டிக்கொள்ளும். நிஜப் புல் தோற்றது!

சுருக்குகிற கணக்கும் மூளைக்கு நல்ல வேலை. உலகம் முழுக்கப் பிரபலமான அளவு 87-ல் ஒரு பங்கு. நம் ஊர் நீலப் பெட்டி ஒன்று அந்த அளவில் சுமார் 24 சென்டிமீட்டர் வரும். 24 பெட்டி கோத்தால் கிட்டத்தட்ட ஆறு மீட்டர்! எந்த வீட்டு ஹாலில் நிற்கும்? அதனால் எதை விடுவது, எதை வைப்பது என்று உட்கார்ந்து பேச வேண்டும். நமக்கு இன்னொரு சிக்கல். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அதை 87-ல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். பெரும்பாலோர் சமாதானமாகப் போய்விடுகிறார்கள். கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு.

சங்கத்தின் அழகு என்னவென்றால் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-ல் தொடங்கிய ரயில் சங்கத்தில் ஒரு கூட்டம் ஊரையும் வண்டியையும் கட்டும், இன்னொரு கூட்டம் மேஜைக்கு அடியில் ஒயர்களோடு கிடக்கும். கம்ப்யூட்டர் உலகத்தின் 'ஹேக்கர்' என்ற சொல் அந்த மேஜையடியில் வளர்ந்ததுதான். ஓய்வு பெற்ற தச்சர், எலக்ட்ரீஷியன், டிராயிங் வாத்தியார், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. 'என்னை யாருக்கும் தேவையில்லை' என்ற எண்ணம்தானே பல பேருக்குப் பாதி வியாதி?

ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனசு விட்டுப் பேச மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்று கை வேலை செய்யும்போது தானாக வாய் திறக்கும். ஆஸ்திரேலியாவில் 1990-களில் இதை வைத்தே ஆண்களுக்கான பொதுப் பட்டறைகள் ஆரம்பித்தார்கள். தனிமையை உடல்நலப் பிரச்னையாகவே எடுத்துக்கொண்டு, உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அதற்கென ஒரு குழு அமைத்தது. இதற்காக, ரயில் கட்டினால் மறதி நோய் வராது, சர்க்கரை இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மாத்திரை மாத்திரைதான், ரயில் ரயில்தான்.

சரி, வைத்தியன் என்ற முறையில் சில கண்டிப்பான வார்த்தைகள்.

ஒயரைத் தண்டவாளத்தோடு பற்றவைக்கும்போது வெள்ளைப் புகை எழும். ஈயப் புகை என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் பைன் மரத்துப் பிசின் தீயும் புகை. 'மரப் பிசின்தானே, சாம்பிராணி மாதிரி' என்று முகர வேண்டாம்! தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. ஏற்கெனவே இழுப்பு இருப்பவர்கள் இந்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் புல் நடலாம். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராதபடி ஒரு சின்ன ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள்.

ஈயத்தின் ஆபத்து வேறு வழியில் வருகிறது, கை வழியாக. பழைய பற்றவைப்புக் கம்பியில் காரீயம் இருக்கும். எங்கள் படிப்பில் காரீயத்தைப் பற்றிய முதல் பாடமே அது நஞ்சு என்பதுதான். அதைத் தொட்ட கையோடு பஜ்ஜி சாப்பிட்டால் நேரே வயிற்றுக்குள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காபி டம்ளரைத் தொடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஈயம் கலக்காத கம்பி வாங்குங்கள். வளரும் மூளைக்குக் காரீயம் செய்யும் கெடுதல் சரியாவதில்லை.

சர்க்கரை நோயாளிகள் இதைக் கவனமாகப் படியுங்கள். பற்றவைக்கும் கோலின் நுனி 350 டிகிரி வரை சூடாகும். விரலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டதே தெரியாது, மறுநாள் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண் ஆறவும் நாளாகும். சுட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. சுட்டது விரலேயானாலும், சர்க்கரை இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மேஜைக்கு அடியில் ஒயர் வேலை செய்கிறவர்கள் சட்டென்று எழுந்திருக்கக் கூடாது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் முக்கியமாக. தலை சுற்றித் தண்டவாளத்தின் மேலேயே விழ நேரும். வெளியே வந்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். அதைவிட நல்லது, பலகையைக் கழற்றி ஓரத்தில் நிமிர்த்தி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தே ஒயர் இணைப்பது. மேலே செய்கிற வேலைக்கு மேஜை முழங்கை உயரத்துக்கு வந்தால் இடுப்பு பிழைக்கும்.

கண்ணுக்கு வெளிச்சம் தாராளமாக வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். பேப்பர் படிக்கிற கண்ணாடி இந்த வேலைக்குச் சரிப்படாமல் போகலாம். கையை நீட்டி வேலை செய்யும் தூரத்தை அளந்துகொண்டுபோய்க் கண் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகள் கட்டாயம் வந்து நிற்பார்கள், நிற்கட்டும். ஆனால் பெட்டிகளைக் கோக்கச் சிலர் வைக்கும் குட்டிக் காந்தங்களும் பொத்தான் பேட்டரிகளும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டையே போட்டுவிடும். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆரம்பிக்க விருப்பமா? பெரிய சங்கம் எதுவும் வேண்டாம், தெருவில் மூன்று பேர் போதும். இன்ஜின் விலை கொஞ்சம் கடிதான், மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கொரு பலகையை அவரவர் வீட்டிலேயே செய்வார்கள், ஓரத்தின் உயரமும் தண்டவாளம் முடியும் இடமும் மட்டும் பொதுவான அளவு. கூடும் நாளில் ஒன்றோடு ஒன்று பொருத்தி ரயில் விடுவார்கள். நம் அடுக்குமாடி வீடுகளுக்கு இதுதான் சரி. பலகையை அலமாரிக்குப் பின்னால் நிற்க வைத்துவிடலாம், வீட்டம்மாவும் திட்ட மாட்டார். ரயில் திக்கித் திக்கி ஓடினால் முதலில் தண்டவாளத்து அழுக்கைத்தான் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கிப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும். சட்டென்று தீப்பிடிக்கிற சமாசாரம் அது. பூஜை அறையில் விளக்கு எரியும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துடைக்காதீர்கள்.